வருஷம் முழுக்கப் பூக்கும் ஊர்

காஸ்ட் அக்கவுண்டிங் இன்டர்னல் ஒருவழியாக முடிந்தது. எப்படி எழுதினேன் என்று யாரும் கேட்க வேண்டாம் :-)

இந்த முறை பூக்களைப் பற்றி எழுதப் போகிறேன். "பி.காம் படிக்கிறவனுக்கு என்னடா பூ?" என்று வகுப்பு நண்பர்கள் கிண்டல் செய்வது இப்போதே கேட்கிறது. கடைசி வரை படியுங்கள், கணக்கும் வரும்.

ஓசூரிலிருந்து பெங்களூருக்குத் தினமும் பஸ்ஸில் போய்த்தான் படிக்கிறேன். காலேஜுக்கு முந்தைய நிறுத்தத்தில் ஏழு குல்மொகர் மரங்கள் வரிசையாக நின்றன. நம்ம ஊரில் மே ஃப்ளவர் என்றும் மயில்கொன்றை என்றும் சொல்வோமே, அதுதான். முதல் வருஷம் மே மாதம் அந்த வரிசை பூத்தபோது, பஸ்ஸில் தூங்கிக் கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து ஜன்னல் வழியே பார்த்தார்கள். இந்த வருஷம் பிப்ரவரியில் ரோடு அகலப்படுத்த ஏழையும் வெட்டிவிட்டார்கள். வெட்டும்போது எனக்கு ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை. பிப்ரவரியில் அவை வெறும் குச்சிகளாகத்தான் நின்றன. மே மாதம் அந்த இடத்தைக் கடந்தபோதுதான் உறைத்தது.

கூட வந்த நண்பன் சொன்னான்: "விடுடா, அடுத்த தெருவில் பிங்க் கலர் மரம் இருக்கே, அது பூக்கும்."

அது நவம்பரில் பூக்கும். மே மாதத்தில் பூக்காது.

இந்தச் சின்ன பதிலில் இருந்துதான் இந்தக் கட்டுரை ஆரம்பித்தது. ஒரு ஊரில் எந்த மாதம் எந்த மரம் பூக்க வேண்டும் என்று யாராவது உட்கார்ந்து யோசித்திருப்பார்களா? யோசித்திருக்கிறார்கள். அதற்கு நூறு வருஷத்துக்கு மேற்பட்ட வரலாறே இருக்கிறது.

எல்லா மாதமும் பூக்கிற மரம் கிடையாது

முதலில் அடிப்படை. வருஷம் முழுக்க இடைவிடாமல் அள்ளிக் கொட்டுகிற மாதிரிப் பூக்கும் பெரிய மரம் எதுவும் இல்லை. நந்தியாவட்டை, செம்பருத்தி, இட்லிப்பூ மாதிரிச் செடிகள் பெரும்பாலான மாதங்களில் நாலு பூவாவது கொடுத்துக் கொண்டிருக்கும். ஆனால் ஊரே நின்று பார்க்கிற மாதிரி ஒரு மரம் பூப்பது சில வாரங்களுக்குத்தான். அதற்கான சத்தை அது மீதி மாதங்களில் சேர்த்து வைக்கிறது.

எப்போது பூப்பது என்பதைச் செடி தன் இஷ்டத்துக்கு முடிவு செய்வதில்லை. பகல் எவ்வளவு நீளம், மழை நின்று மண் எவ்வளவு காய்ந்தது, குளிர் எவ்வளவு என்று பல விஷயங்கள் சேர்ந்து முடிவு செய்கின்றன. எங்கள் பக்கத்துச் சாமந்தித் தோட்டங்களில் ராத்திரி வரிசையாகப் பல்பு எரிவதைப் பார்த்திருப்பீர்கள். பகல் குறைந்தால்தான் சாமந்தி மொட்டு விடும். பல்பைப் போட்டு, "இன்னும் பகல்தான்" என்று அதை ஏமாற்றி, விலை வருகிற நாளுக்குப் பூவைத் தள்ளி வைக்கிறார்கள். தெருவில் நிற்கிற நாற்பது அடி மரத்துக்கு யார் பல்பு போடுவது? அதன் நேரத்தை மாற்ற முடியாது. ஆகவே ஒரே வழிதான். ஒன்று முடிக்கும்போது இன்னொன்று ஆரம்பிக்கிற மாதிரி மரங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எல்லா ஊரும் இப்படி ஆசைப்பட்டதில்லை என்பதும் உண்மை. ஜப்பானில் பரவலாக இருக்கும் சோமேய் யோஷினோ என்ற செர்ரி வகை ஒட்டுக்கட்டிப் பெருக்கியது. அத்தனை மரமும் ஒரே மரத்தின் நகல்கள். அதனால்தான் ஓர் ஊரில் உள்ள எல்லாம் ஒரே நேரத்தில் பூத்து, பத்து நாளில் ஒரே நேரத்தில் உதிர்கின்றன. தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா நகரில் தெருவுக்குத் தெரு ஜக்கரண்டா. அக்டோபர், நவம்பரில் ஊரே ஊதா. பிறகு பச்சைதான். இந்த ஊர்கள் ஒரு திருவிழாவை எதிர்பார்த்து வருஷம் முழுக்கக் காத்திருக்கின்றன. அதுவும் அழகுதான். பெங்களூர் வேறு வழியில் போனது.

1908-ல் இரண்டு பேர்

வருஷத்தின் பல மாதங்களுக்கும் சேர்த்துத் தோட்டத்தைத் திட்டமிடுவது பற்றிப் பேசினால் இங்கிலாந்தின் கெர்ட்ரூட் ஜீக்கிலை விட்டுவிட முடியாது. ஓவியம் படித்தவர். கண்பார்வை மோசமாகிக் கொண்டே போனதால் தோட்டத்துக்கு வந்தார். சர்ரே பகுதியில் மன்ஸ்டெட் வுட் என்ற தன் வீட்டில் அவர் போட்ட பெரிய பூப்பாத்தி 200 அடி நீளம், 14 அடி அகலம். தன் அனுபவத்தை எல்லாம் சேர்த்து 1908-ல் 'பூந்தோட்டத்தில் நிறம்' என்று பொருள் வரும் தலைப்பில் ஒரு புத்தகம் போட்டார்.

அவர் செய்த ஒரு தந்திரம் எனக்கு ரொம்பப் பிடித்தது. டெல்ஃபினியம் என்ற நீலப்பூச் செடி பூத்து முடித்ததும் அங்கே அசிங்கமாக ஒரு காலி இடம் தெரியும். அதற்குப் பின்னாலேயே பட்டாணி இனக் கொடி ஒன்றை முன்கூட்டியே நட்டு வைத்திருப்பார். டெல்ஃபினியத்தின் காய்ந்த தண்டு மேல் அந்தக் கொடியை இழுத்து விடுவார். அது வெள்ளையாகப் பூக்கும். அதுவும் முடிந்தால் க்ளெமாட்டிஸ் என்ற இன்னொரு கொடி அதே இடத்துக்கு வரும். ஒரே இடம், மூன்று ஷிஃப்ட்!

ஆனால் அவரே பெரிய பாத்தி ஜூலை முதல் அக்டோபர் வரைக்கும்தான் என்று வரையறை வைத்துக் கொண்டார். வசந்தத்துக்குத் தனித் தோட்டம், ஜூன் மாதத்துக்குத் தனித் தோட்டம் என்று பிரித்தார். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் அடைத்தால் எதுவும் நன்றாக இருக்காது என்பது அவர் கணக்கு. இங்கிலாந்தில் நாலு மாதம் வெளியே எதுவும் பெரிதாகப் பூக்காது என்பதையும் சேர்த்துக் கொள்ளுங்கள். அங்கே குளிர்காலத்துக்கு என்றே மரப்பட்டையின் நிறம், சிவப்புப் பழம், உதிராத இலை என்று பார்த்துச் செடி வாங்குவார்கள்.

அதே 1908-ல் இங்கே மைசூர் அரசின் தோட்டங்களுக்குப் பொறுப்பேற்று லால்பாக்குக்கு வந்தார் ஒரு ஜெர்மன்காரர். பெயர் குஸ்தாவ் ஹெர்மன் க்ரும்பிகல்.

லால்பாக்: ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக்

க்ரும்பிகலுக்கு முன்னாலேயே லால்பாக்குக்கு ஒன்றரை நூற்றாண்டு வயது. 1760-ல் ஹைதர் அலி ஆரம்பித்த தோட்டம் அது. திப்பு வெளிநாடுகளில் இருந்து செடியும் விதையும் வரவழைத்து விரிவாக்கினார். 1799-ல் திப்பு வீழ்ந்த பிறகு ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1856-ல் அரசுத் தாவரவியல் தோட்டமானது. அதற்குப் பரிந்துரை செய்தவர் ஹ்யூ க்ளெக்ஹார்ன். இவர் பிறந்தது மெட்ராஸில், 1820-ல். மெட்ராஸ் மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலரும் இவர்தான்.

அடுத்து வந்தவர்களில் ஜான் கேமரன் முக்கியமானவர். 1889-ல் அடிக்கல் நாட்டப்பட்ட கண்ணாடி மாளிகை அவர் காலத்து வேலை. குடியரசு தினத்துக்கும் சுதந்திர தினத்துக்கும் மலர்க் கண்காட்சி நடப்பது அங்கேதான். நம் வீட்டுக் கூட்டில் போடும் சௌசௌவை இந்தப் பக்கம் கொண்டு வந்தவரும் கேமரன்தான் என்பார்கள். அதற்கு நம் ஆட்கள் 'பெங்களூர் கத்தரிக்காய்' என்று ஏன் பேர் வைத்தார்கள் என்று இப்போது புரிகிறதா?

இன்னொரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும். பெங்களூரில் திகளர் என்று ஒரு சமூகம் உண்டு. தமிழ் வேர் கொண்டவர்கள், பரம்பரையாகத் தோட்ட வேலையில் பேர் வாங்கியவர்கள். சித்ரா பௌர்ணமியை ஒட்டி தர்மராயர் கோயிலில் திரௌபதிக்காக எடுக்கும் கரகத் திருவிழா இவர்களுடையது. பெங்களூரின் பழைய தோட்டங்களின் கதையில் இவர்களுக்கு எப்போதும் இடம் உண்டு. தோட்டக்காரர்கள் எல்லாரும் ஜெர்மனியில் இருந்தோ லண்டனில் இருந்தோ வரவில்லை!

பாத்தியில் இருந்து தெருவுக்கு

க்ரும்பிகல் 1865-ல் ஜெர்மனியில் டிரெஸ்டன் நகருக்கு அருகே லோமென் என்ற ஊரில் பிறந்தவர். 1888-ல் லண்டன் போய் ஹைட் பார்க்கில் பூப்பாத்திகள் போட்டார். க்யூ தோட்டத்திலும் வேலை செய்தார். 1893-ல் பரோடா மகாராஜா சாயாஜிராவிடம் வந்து சேர்ந்தார். அங்கிருந்து மைசூர். அப்போது மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார். 1932 வரை, கிட்டத்தட்ட இருபத்துநாலு வருஷம் அந்தப் பதவியில் இருந்தார்.

லண்டனில் அவர் பழகிய பாத்தி முறையைக் கொஞ்சம் கவனியுங்கள். கண்ணாடி வீட்டுக்குள் ஆயிரக்கணக்கில் நாற்று வளர்ப்பார்கள். பூக்கிற சமயத்தில் எடுத்து வெளியே பாத்தியில் நடுவார்கள். பூத்து முடிந்ததும் பிடுங்கிப் போட்டுவிட்டு அடுத்த செட்டை நடுவார்கள். வருஷம் முழுக்கக் கலர் கிடைக்கும், ஆனால் ஒவ்வொரு முறையும் கூலி, நாற்று, நிலக்கரி என்று செலவு. அக்கவுண்ட்ஸ் பாஷையில் சொன்னால் எல்லாமே ரெவின்யூ எக்ஸ்பெண்டிச்சர். அடுத்த வருஷம் மறுபடி முதலில் இருந்து.

தெருமரம் அப்படி இல்லை. ஒருமுறை நட்டு, இரண்டு மூன்று வருஷம் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றிவிட்டால் அறுபது, எழுபது வருஷம் அது பாட்டுக்குப் பூக்கும். ஆனால் ரிஸ்க்கும் அப்படித்தான். பாத்தியில் தப்பு செய்தால் அடுத்த சீசனில் மாற்றலாம். மரத்தில் தப்பு செய்தால், தப்பு என்று தெரியவே பல வருஷம் ஆகும்.

ஒரு மரம் ஓயும்போது அடுத்தது பூக்கும்படி தெருக்களில் மரங்களைத் திட்டமிடும் முறையைப் பெங்களூரில் க்ரும்பிகல் பெயரோடு சேர்த்துத்தான் சொல்கிறார்கள். 'தொடர் மலர்ச்சி' என்று தமிழில் வைத்துக் கொள்ளலாம். ஜீக்கில் தன் பாத்தியில் சில அடிகளுக்குள் செய்ததை இவர் ஒரு ஊர் அளவில் நினைத்துப் பார்த்தார் என்று சொன்னால் தப்பில்லை.

அதற்கு ஊரும் தோதாக இருந்தது. பெங்களூர் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 900 மீட்டர் உயரம். பனி உறைகிற குளிர் கிடையாது, மெட்ராஸ் மாதிரிப் புழுக்கமும் கிடையாது. அதனால் மடகாஸ்கரின் குல்மொகரும், தென் அமெரிக்காவின் ஜக்கரண்டாவும், நம் ஊர்ப் புங்கையும் ஒரே தெருவில் நன்றாக வளரும். இன்னொன்று, 1898-ல் பிளேக் வந்து பழைய பேட்டையின் நெருக்கடியான சந்துகள் காலியானபோது பசவனகுடி, மல்லேஸ்வரம் என்று புதிய பகுதிகளை உருவாக்கினார்கள். நேரான, அகலமான தெருக்கள். மரம் நட இடம் இருந்தது. பின்னால் 1926 முதல் 1941 வரை திவானாக இருந்த மிர்ஸா இஸ்மாயிலுக்கு ஊரை அழகாக வைப்பதில் தணியாத ஆர்வம். கிருஷ்ணராஜசாகர் அணைக்குக் கீழே உள்ள பிருந்தாவன் தோட்டத்தின் கதையிலும் இந்த இரண்டு பேரும் வருகிறார்கள். ஆள், இடம், காலநிலை, மேலே ஆதரவு எல்லாம் ஒரே சமயத்தில் அமைந்தது.

பூக்களின் கால அட்டவணை

இப்போது பெங்களூரில் ஒரு வருஷம் எப்படி ஓடுகிறது என்று பார்ப்போம். மழையைப் பொறுத்து இரண்டு மூன்று வாரம் முன்னே பின்னே ஆகும்.

ஜனவரி, பிப்ரவரி: மழை நின்று மண் காயும். இலையை எல்லாம் கொட்டிவிட்டு மஞ்சள் டெபூபியா வெறும் கிளையில் பூக்கும். தூரத்தில் இருந்து பார்த்தால் யாரோ மஞ்சள் பெயின்ட் ஊற்றிய மாதிரி இருக்கும்.

மார்ச்: ஜக்கரண்டா ஊதா. புங்கை புதுத் தளிர் விட்டு, பொரி மாதிரிச் சின்னப் பூக்களைத் தரையில் கொட்டும். தூங்குமூஞ்சி மரத்தில் இளஞ்சிவப்புக் குஞ்சம்.

ஏப்ரல், மே: உச்சக்கட்டம். சரக்கொன்றை, குல்மொகர், மஞ்சளாகப் பூக்கும் இயல்வாகை, ஊதா கலந்த பூமருது எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக வரும்.

ஜூன், ஜூலை: தென்மேற்குப் பருவமழை. பூமருதும் இயல்வாகையும் கொஞ்சம் இழுத்துக் கொண்டு போகும். உண்மையைச் சொன்னால் இந்த அட்டவணையில் பலவீனமான இடம் இதுதான்.

ஆகஸ்ட் முதல் அக்டோபர்: ஆப்பிரிக்கன் துலிப், ஆரஞ்சு சிவப்பில் கிண்ணம் கிண்ணமாக. மஞ்சளாக ஒரு கொன்றை வகையும் சேரும்.

நவம்பர், டிசம்பர்: மரமல்லி. ராத்திரி பூத்து, காலையில் வெள்ளையாகத் தெரு முழுக்கக் கிடக்கும். பஸ்ஸுக்கு நிற்கும்போது வாசனையிலேயே தெரிந்துவிடும். கூடவே என் நண்பன் சொன்ன அந்த இளஞ்சிவப்பு டெபூபியா. பிறகு மறுபடி ஜனவரி.

ஒன்றைக் கவனித்தீர்களா? வறண்ட மாதங்களில்தான் இந்த ஊரின் பெரிய அழகே இருக்கிறது. மற்ற இடத்தில் செடி வாடுகிற காலத்தை இங்கே பூவாக்கியிருக்கிறார்கள். வெயிலுக்கு இலையைக் கொட்டிவிட்டுப் பூக்கும் மரங்களைத் தேர்ந்தெடுத்ததுதான் இதன் சூட்சுமம்.

எல்லாரும் இதைப் பாராட்டுவதில்லை. இதில் பாதிக்கு மேல் வெளிநாட்டு மரங்கள். நம் பறவைகளுக்கும் பூச்சிகளுக்கும் புங்கை, ஆல், நாவல் மாதிரி மரங்களே அதிகம் உதவும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கோடை மழைக் காற்றில் முதலில் முறிவதும் குல்மொகர்தான். இந்த வாதங்களில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்குப் பதில், அட்டவணையைக் கிழித்துப் போடுவது இல்லை. சரக்கொன்றை, பூமருது, புங்கை எல்லாம் நம் மரங்கள்தானே. அதே அட்டவணையில் நம் மரங்களைக் கூட்டலாம்.

ஒருத்தர் கணக்கில் எழுதலாமா?

கட்டுரை இங்கேயே முடிந்திருக்க வேண்டும். "பெங்களூரைப் பூக்க வைத்த ஜெர்மன்காரர்" என்று தலைப்பு வைத்தால் ஹிட்ஸும் நன்றாக வரும் :-) ஆனால் கணக்கு உதைக்கிறது.

க்ரும்பிகல் 1932-ல் ஓய்வு பெற்றார். இரண்டாம் உலகப்போரின்போது, எழுபது வயதைத் தாண்டியவரை, ஜெர்மானியர் என்பதற்காகக் காவலில் வைத்தார்கள். 1956-ல் பெங்களூரிலேயே காலமானார். அவருடைய கல்லறையும் பெங்களூரில்தான் இருக்கிறது. லால்பாக் பக்கத்தில் ஒரு ரோட்டுக்கு அவர் பெயர். அவர் பெயர் தாங்கிய க்ரும்பிகல் ஹால் என்ற பழைய கட்டடம் பராமரிப்பு இல்லாமல் கிடந்து 2017 நவம்பரில் இடிந்து விழுந்தது.

அவர் நட்டு நூறு வருஷம் ஆகிறது. அந்த மரங்களில் பல இன்று இருக்க வாய்ப்பில்லை. அப்படியானால் இன்று நாம் பார்க்கும் மரங்களை நட்டது யார்?

அவருக்குப் பிறகு லால்பாக் பொறுப்புக்கு வந்தவர் எச்.சி. ஜவராயா. அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். அதன் பின் எம்.எச். மரிகௌடா. இவர்கள் மரபைத் தொடர்ந்தார்கள். ஊர் பல மடங்கு வீங்கிய பிறகு, 1980களின் தொடக்கத்தில், எஸ்.ஜி. நெகின்ஹால் என்ற வனத்துறை அதிகாரி பெங்களூர்த் தெருக்களில் மரம் நடும் வேலையைக் கையில் எடுத்தார். ஐந்து வருஷத்தில் சுமார் 15 லட்சம் மரங்கள்!

அவர் சின்னக் கன்றுகளை நடவில்லை. சின்னக் கன்றை மாடு மேய்ந்துவிடும். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த கன்றுகளை நட்டு, சுற்றிலும் மூங்கில் கூண்டு வைத்து, வீட்டுக்காரர்களையும் பார்த்துக் கொள்ளச் சொன்னார். இன்று எல்லாரும் செல்ஃபி எடுக்கும் டெபூபியாக்களில் பெரும்பாலானவை 1980களிலும் அதற்குப் பிறகும் நட்டவை. நெகின்ஹால் 2021-ல் காலமானார். என் வகுப்பில் பத்து பேரைக் கேட்டேன். க்ரும்பிகல் பெயர் இரண்டு பேருக்குத் தெரிந்தது. நெகின்ஹால் பெயர் ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கும் போன மாதம் வரை தெரியாது.

க்ரும்பிகலைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. யோசனை அவருடையது. ஆனால் இந்த யோசனைக்கு ஒரு விசித்திரம் இருக்கிறது. ஒருவர் ஒருமுறை செய்துவிட்டுப் போனால் போதாது. ஒவ்வொரு தலைமுறையும் மறுபடி நட வேண்டும். தாஜ்மஹாலைக் கட்டியவர் கட்டிவிட்டார். தொடர் மலர்ச்சியை யாரும் கட்டி முடிக்க முடியாது. மரங்கள் பூப்பது மட்டும் தொடர் இல்லை, நடுகிற ஆட்களும் ஒரு தொடர்தான்.

அந்தத் தொடரில் பெயரே இல்லாதவர்கள்தான் அதிகம். என் தாத்தா தர்மபுரிப் பக்கம் இருந்து பிழைக்க வந்து, பெங்களூரில் ஒரு பெரிய பங்களாவில் முப்பது வருஷம் தோட்டக்காரராக இருந்தவர். கவாத்து செய்யும் கத்தரிக்கோலை இன்னும் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறார். இந்தக் கட்டுரைக்காக அவரிடம் தொடர் மலர்ச்சி பற்றி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"இதுக்கு ஜெர்மனியிலருந்து ஆள் வரணுமாப்பா? ஒண்ணு உதிரும்போது இன்னொண்ணு மொட்டு விட்டிருக்கணும். இல்லேன்னா தொரைசாணி கூப்பிட்டுத் திட்டுவாங்க."

"சரி தாத்தா, பூக்கலேன்னா உங்களைத் திட்டுவாங்க. பூத்தா யாரைப் பாராட்டுவாங்க?"

"தோட்டம் நல்லாருக்குன்னுவாங்க" என்றார். அவ்வளவுதான்.

எண்ணிக்கை சரி, மாதம் தப்பு

இனி நான் முதலில் சொன்ன கணக்கு.

மெட்ரோ, மேம்பாலம், ரோடு அகலம் என்று பெங்களூரில் மரங்கள் விழுந்து கொண்டே இருக்கின்றன. மக்கள் சும்மா இருக்கவும் இல்லை. பசவேஸ்வரா சர்க்கிளில் இருந்து ஹெப்பாளுக்கு இரும்பு மேம்பாலம் என்று அறிவித்தபோது, 800-க்கும் மேற்பட்ட மரங்கள் போகும் என்று தெரிந்து 2016 அக்டோபரில் ஆயிரக்கணக்கானோர் தெருவில் கைகோர்த்து நின்றார்கள். 2017 மார்ச்சில் அரசு அந்தத் திட்டத்தைக் கைவிட்டது.

மரத்தை வெட்டும்போதெல்லாம் ஒரு பதில் தயாராக இருக்கும்: "ஒன்றுக்குப் பத்து கன்று நடுவோம்." கேட்க லாபமாகத்தான் இருக்கிறது. ஏழு போனால் எழுபது வரும். ஆனால் இது ஸ்டாக் ரிஜிஸ்டரில் "நம்பர் டேலி ஆகிவிட்டது" என்று கையெழுத்து போடுகிற மாதிரி. எந்தச் சரக்கு போனது, எந்தச் சரக்கு வந்தது என்று பார்க்க வேண்டாமா?

என் பஸ் நிறுத்தத்தில் போனது ஏழு மரம் இல்லை. அந்தத் தெருவின் மே மாதம். அதற்குப் பதில் ஊருக்கு வெளியே எங்கேயோ எழுபது கன்று நட்டால் எண்ணிக்கை சரியாகும், மே மாதம் திரும்பாது. வெட்டும்போது மரத்தின் சுற்றளவைக் குறிக்கிறார்கள், விறகு மதிப்பைக் குறிக்கிறார்கள். எந்த மாதம் பூக்கும் என்று ஒரு காலம் சேர்த்தால் என்ன கெட்டுவிடும்? அந்த ஒரு காலம் இருந்தால், மாற்று மரம் வைப்பவருக்கு என்ன வைக்க வேண்டும் என்று தெரியும். எனக்குத் தெரிந்து க்ரும்பிகலின் யோசனையே அந்த ஒரு காலம்தான்.

தொட்டிச் செடி வைத்திருப்பவர்களும் இதைச் செய்து பார்க்கலாம். நர்சரிக்குப் போனால் அன்றைக்குப் பூத்து நிற்பதைத்தான் கை எடுக்கும். ஒரே நாளில் எல்லாம் வாங்கினால் எல்லாம் ஒரே மாதத்தில் பூக்கும், மீதி மாதம் மொட்டைத் தொட்டிதான். வீட்டில் பன்னிரண்டு மாதத்தையும் ஒரு தாளில் எழுதி, எது காலி என்று பார்த்து வாங்குங்கள். கோடைக்கு மல்லி, மழை விட்டதும் டிசம்பர் பூ, பகல் குறையும்போது சாமந்தி, இடைவெளிக்கு நந்தியாவட்டையும் செம்பருத்தியும். எங்கள் மொட்டை மாடியில் தாத்தா சொல்படி அப்படித்தான் வைத்தோம். ஆகஸ்ட் மட்டும் இன்னும் காலி. யாருக்காவது நல்ல யோசனை இருந்தால் சொல்லுங்கள்.

போன வாரம் அந்த நிறுத்தத்தில் இறங்கிப் பார்த்தேன். புது நடைபாதை ஓரம் மூங்கில் கூண்டுக்குள் மூன்று கன்றுகள் வைத்திருக்கிறார்கள். இலையைப் பறித்து வந்து தாத்தாவிடம் காட்டினேன். கையில் வைத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கொன்றை" என்றார். சரக்கொன்றை என்றால் ஏப்ரல், மே. வைத்தவருக்குத் தெரிந்து வைத்தாரா, கிடைத்ததை வைத்தாரா தெரியாது. கூண்டில் பெயர் எதுவும் எழுதவில்லை.

நான் டிகிரி முடித்துப் போன பிறகுதான் அது பூக்கும். அப்போது அந்த வழியாகப் போகிறவர்கள் யாராவது எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

டிஸ்கி: தலைப்பைப் பார்த்துக் காதல் கவிதை என்று நினைத்து உள்ளே வந்தவர்கள் மன்னிக்கவும் :-) அடுத்த பதிவு செமஸ்டர் முடிந்த பிறகு.